ஷோரூமில் போடும் கையெழுத்து: சொகுசு கார் வாங்குவோர் கவனத்திற்கு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் கருணையும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! நம் மஹல்லாக்களில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் ஆடியும் இன்று அபூர்வமான காட்சி இல்லை. தோல் வியாபாரம், ஜவுளி, வளைகுடாச் சம்பாத்தியம், ஐ.டி. வேலை என்று அல்லாஹ் பலருக்கும் வாசலைத் திறந்திருக்கிறான். அவர்களில் ஒருவர் கார் வாங்குகிறார் என்றால் நம்மிடையே இரண்டு பேச்சுதான் எழும். ஒரு சாரார், "இவ்வளவு விலையில் எதற்கு? வீண் விரயம்" என்பார்கள். மறுசாரார், "அவர் காசு, அவர் வாங்குகிறார், உங்களுக்கென்ன?" என்பார்கள். அந்தக் காரை எந்த ஒப்பந்தத்தின் பேரில் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. மார்க்கம் முதலில் கேட்பதோ அதைத்தான்.

வாகனம் மூன்று வகை

நல்ல வாகனம் வைத்திருப்பதை இஸ்லாம் வெறுக்கவில்லை. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நீங்கள் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் (அல்குர்ஆன் 16:8). ஏறிச் செல்வது தேவை. அலங்காரம் அதற்கு மேல் உள்ளது. இரண்டையும் தன் அருட்கொடைப் பட்டியலில் ரப்புல் ஆலமீன் சேர்த்திருக்கும்போது, அழகான காரைப் பார்த்தவுடனேயே "ஹராம்" என்று நாக்கை நீட்ட நமக்கு உரிமையில்லை.

ஆனால் அதே வாகனத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன இன்னொரு செய்தி உண்டு. அபூஹுரைரா (ரலி) அறிவித்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் அது. குதிரை ஒருவருக்கு நன்மையாகவும், ஒருவருக்குத் திரையாகவும், ஒருவருக்குப் பாவச்சுமையாகவும் ஆகும் என்றார்கள். அல்லாஹ்வின் பாதைக்காக வளர்ப்பவருக்கு அது நன்மை. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்துக்கொண்டு, அதில் அல்லாஹ்வுக்குரிய ஹக்கையும் மறக்காதவருக்குத் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் முஸ்லிம்களைப் பகைப்பதற்கும் கட்டி வைப்பவருக்குச் சுமை. கவனியுங்கள், மூன்றும் குதிரைதான். தீனியும் ஒன்று, விலையும் ஒன்றாக இருக்கலாம். தீர்ப்பு மட்டும் மூன்று.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது நடந்ததை வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அரபு இனமல்லாத ஒரு குதிரையைக் கொண்டு வந்து ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். அது ஒயிலாக அசைந்து நடக்க ஆரம்பித்தது. உமர் (ரலி) உடனே இறங்கிவிட்டார்கள். தம் உள்ளத்தில் ஒரு மாற்றம் வருவதை உணர்ந்ததால் இறங்கியதாகச் சொன்னார்கள். குதிரை ஹராம் என்று அவர்கள் யாருக்கும் சட்டம் சொல்லவில்லை. தம் உள்ளத்தைத் தாமே கவனித்தார்கள், அவ்வளவுதான். டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர் என்ஜினைக் கவனிப்பதோடு இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

உள்ளத்தின் விஷயம் உங்களுக்கும் உங்கள் ரப்புக்கும் இடையில் உள்ளது. அதில் நான் நீதிபதி இல்லை. ஒப்பந்தம் அப்படி இல்லை, அது காகிதத்தில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துச் சட்டம் சொல்லலாம்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது?

ஒரு கணக்குப் போடுவோம். ஷோரூம் விலை 50 லட்சம் ரூபாய் உள்ள ஒரு பெட்ரோல் கார். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அதுவே 10 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது 50 ஆயிரம் (இதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்). இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் சாலைக்கு வரும்போது 62 லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும்.

கையிலிருந்து 12 லட்சம் போட்டு, மீதி 50 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,03,800 ரூபாய். 60 மாதத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 62 லட்சத்து 27 ஆயிரத்துக்குப் பக்கம். வட்டி மட்டும் 12 லட்சத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ் கணக்கில் வழக்கமாகப் பின்பற்றப்படும் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பு பாதியாகிவிடும், 25 லட்சம்.

இப்போது மஸ்அலாவுக்கு வருவோம். விவரம் தெரிந்த இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஹஸ்ரத், 50 லட்சம் பொருளைத் தவணையில் 62 லட்சத்துக்கு ஒரு வியாபாரி விற்றால் கூடும் என்கிறீர்கள். வங்கி 50 லட்சம் கொடுத்து 62 லட்சம் வாங்கினால் கூடாது என்கிறீர்கள். என் பையிலிருந்து போவது அதே பணம்தானே?"

நல்ல கேள்விதான். புதிய கேள்வி இல்லை. வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று அன்றைக்கும் சிலர் கேட்டார்கள். அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியிருக்கிறான் என்று அதே இடத்தில் குர்ஆன் பதில் தந்தது (2:275). ஒரு முஃமினுக்கு அந்தப் பதில் போதும். ஆனாலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் புரியாதவர்தான் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்.

ஒரு வியாபாரி உங்களுக்குக் காரை விற்கிறார் என்றால், விற்பதற்கு முன்பு அந்தக் கார் அவருடையது. அதுவரை அது எரிந்து போனால் அவருக்கு நஷ்டம். விற்ற பிறகு பழைய குறை ஒன்று வெளிப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அவர் சுமந்த இந்தப் பொறுப்புக்குத்தான் லாபம். விலையும் பேசும்போதே முடிந்துவிட்டது. நீங்கள் மூன்று மாதம் தாமதித்தாலும் 62 லட்சம் 62 லட்சமாகவே நிற்கும்.

வங்கி என்ன செய்கிறது? காரை அது வாங்கவில்லை, விற்கவும் இல்லை. உங்கள் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் என்று உங்கள் பெயரும், ஹைப்போதிகேஷன் என்று வங்கியின் பெயரும் இருக்கும். அதாவது கார் உங்களுடையது, வங்கிக்கு அது வெறும் அடமானம். வண்டியில் குறை இருந்தால் வங்கி மேலாளரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். "ஷோரூமில் கேளுங்கள்" என்பார். அவர் சொல்வது சரி. அவர் கொடுத்தது பணம், வாங்குவது கூடுதல் பணம். தாமதித்தால் அது இன்னும் கூடும். இதன் பெயர் வட்டி. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த அந்த வட்டி (முஸ்லிம்).

தவணை வியாபாரத்தில் ரொக்க விலையைவிடக் கூடுதலாக வைக்கலாம் என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. இதையும் தடுக்கும் அறிஞர்கள் சிலர் உண்டு. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கூடுதல் தவணை விலையை அனுமதித்தது. கூடவே, தாமதத்துக்காக மேற்கொண்டு பணம் வசூலிப்பது வட்டி, அதை ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தாலும் கூடாது என்றும் தீர்மானித்தது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. "ரொக்கமென்றால் இவ்வளவு, தவணையென்றால் இவ்வளவு" என்று பேசலாம். ஆனால் எதுவென்று முடிவு செய்யாமலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஒரே வியாபாரத்தில் இரண்டு வியாபாரம் செய்வதற்கு வந்துள்ள தடையை இப்படித்தான் இமாம்கள் பலர் விளக்கினார்கள்.

பெயர் மாற்றங்களிலும் எச்சரிக்கை தேவை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தவணை தவறினால் போடும் தொகையை இனி அபராத வட்டியாக வசூலிக்காமல் அபராதக் கட்டணமாக வசூலிக்க வேண்டும் என்றது. வாடிக்கையாளருக்கு அதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. அதற்காக ஷரீஅத் சட்டம் மாறிவிடாது. "ஜீரோ வட்டி" விளம்பரமும் அப்படியே. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று நடைமுறையில் இல்லை, வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்துக்குள் மறைந்து வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்ற கருத்தை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. ஆகவே ஜீரோ வட்டி என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "முழுத் தொகையையும் இன்றே ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" அவர் குறைக்கும் தொகை எங்கே போகிறது, யார் பாக்கெட்டுக்குப் போகிறது என்று தேடிப் பாருங்கள். விஷயம் விளங்கிவிடும்.

லீஸுக்கு எடுத்தால்?

"அப்படியென்றால் வாங்கவே வேண்டாம், லீஸுக்கு எடுக்கிறேன்" என்கிறார்கள். இப்போது சொகுசு கார் நிறுவனங்களே மாத வாடகைத் திட்டங்களோடு நிற்கின்றன. வாடகை, அதாவது இஜாரா, மார்க்கத்தில் ஆகுமான ஒன்று. கால அளவும் வாடகையும் தெளிவாக இருந்து, வண்டியின் உரிமையாளர் உண்மையிலேயே உரிமையாளராக நடந்துகொண்டால் சொகுசு காரையும் வாடகைக்கு எடுக்கலாம்.

"உரிமையாளராக நடந்துகொண்டால்" என்று சொன்னேனே, சிக்கல் அங்கேதான். வாடகைப் பொருள் வாடகைதாரரின் கையில் அமானிதம். அவருடைய கவனக்குறைவோ அத்துமீறலோ இல்லாமல் அது அழிந்தால் நஷ்டம் உரிமையாளருக்கு. பெட்ரோல், அன்றாடப் பராமரிப்பு நம் பொறுப்பு. வண்டியே ஓடாமல் படுத்துவிட்டால் அந்த நாட்களின் வாடகையைக் கேட்க அவருக்கு உரிமையில்லை. ஆனால் பல லீஸ் ஒப்பந்தங்களைப் பிரித்தால், வண்டி திருடு போனாலும் எரிந்தாலும் மிச்சமுள்ள மாதங்களின் வாடகையைக் கட்ட வேண்டும் என்றிருக்கும். இழப்பு, பழுது, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுப்பவர் தலையில். மாதம் தவறினால் வட்டி. கொடுத்தவருக்கு எந்த ஆபத்தும் இல்லை, லாபம் மட்டும் உறுதி. இது கடனுக்கு வாடகை என்ற சட்டையைப் போட்டது.

ஆகவே, லீஸ் காகிதத்தில் தொகைக்கு முன்னால் மூன்று பக்கங்களைத் தேடுங்கள்: முழு இழப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு, தாமதித்தால் என்ன, முடிவில் வண்டி யாருக்கு. கடைசியாகச் சொன்னது முக்கியம். வாடகையையும் விற்பனையையும் ஒரே நேரத்தில், ஒரே ஒப்பந்தத்தில், ஒரே பொருளின் மீது கலப்பதை 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமி தடுத்தது. வாடகை தனி ஒப்பந்தமாக, உண்மையான வாடகையாக முடிந்து, அதன்பின் விற்பனையோ அன்பளிப்போ தனியாக நடந்தால் வழியுண்டு என்றது.

துபாயிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரர்களுக்கு முராபஹா, இஜாரா என்று இஸ்லாமிய வங்கிகள் இருக்கின்றன. நல்ல விஷயம். பெயரோடு நின்றுவிடாமல், வங்கி அந்தக் காரை முதலில் தன் உரிமையில் எடுத்ததா, அதன் பிறகுதான் உங்களுக்கு விற்றதா என்று கேட்டு வாங்குங்கள். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது வங்கிகளுக்கும் சேர்த்துத்தான். இந்தியாவில் அந்த வாசல் இல்லை. இஸ்லாமிய வங்கி முறையைத் தொடரப் போவதில்லை என்ற ரிசர்வ் வங்கியின் முடிவு 2017இல் வெளியானது. ஷோரூம்காரர்களும் பெரும்பாலும் தாமே தவணையில் விற்பதில்லை, நிதி நிறுவனத்திடம் அனுப்பி விடுவார்கள். வசதியுள்ள ஒரு நண்பரோ உறவினரோ முதலில் காரைத் தன் பெயரில் வாங்கி, கைக்கு எடுத்து, பிறகு தெரிந்த லாபத்தில் உங்களுக்குத் தவணையில் விற்கலாம். பெயர் மாற்றச் செலவு வரும், வரட்டும். அதுவும் முடியாதென்றால் கையில் உள்ள பணத்துக்கு எந்தக் கார் வருமோ அந்தக் கார்.

பழைய சொகுசு கார்

கைப்பணத்துக்குள் நிற்க விரும்புகிறவர்கள் நான்கைந்து வருடம் ஓடிய காரைப் பார்க்கிறார்கள். புத்திசாலித்தனமான வழி. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நினைத்துப் பாருங்கள். துடைத்து, வாசனை அடித்து, பாலிஷ் போட்டு விற்றால் கண்ணுக்குத் தெரியாது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல் ஈரமானது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வெள்ளத்தில் நனைந்த காரை மறைத்து விற்கும் நம் சகோதரருக்கு இதைவிடத் தெளிவான ஹதீஸ் தேவையா?

வாங்குபவரும் குவியலுக்குள் கையை விடத்தான் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே மிஞ்சும். தரைவிரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் சர்வீஸ் பதிவையும் கேளுங்கள், ஓடிய கிலோமீட்டர் அதில் தெரிந்துவிடும். பேரம் பேச வெட்கப்பட வேண்டாம். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களே வழியில் விலை பேசி வாங்கியிருக்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன் இருக்கும் ஹக்குகள்

இனிச் சொல்வது ரொக்கமாக வாங்குபவருக்கும் சேர்த்து. அந்த 62 லட்சம் முழுவதும் உங்களுடையதுதானா?

வாப்பா இறந்து பத்து வருடமாகியிருக்கும். கடையும் இடமும் மகன்கள் கையில். லாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் சேர வேண்டிய பங்கு இன்னும் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற நிலையிலேயே இருக்கும். அவர்கள் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காதது விட்டுக்கொடுத்ததாகாது. அந்தக் கடையின் வருமானத்தில் வந்த கார் பெருநாளன்று தங்கச்சி வீட்டு வாசலில் நின்றால், அவள் பங்கும் சேர்ந்துதான் அங்கே நிற்கிறது. கூட்டு வியாபாரமும் இப்படியே. வரிச் சலுகைக்காக நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கி ஒரு பங்காளி மட்டும் ஓட்டுகிறார் என்றால், மற்றவர்களின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். மஹர் பாக்கி, தொழிலாளியின் சம்பள பாக்கி எல்லாம் காருக்கு முந்தியவை. ஹஜ் கடமையாகி நிறைவேற்றாமல் இருப்பவர் அதையும் கணக்கில் வைக்கட்டும். சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஜகாத் இல்லை என்பது உண்மை. அதற்காக, வருடம் நிறைவதற்கு நாலு நாள் முன்பு கணக்கைக் காலி செய்யவே கார் வாங்குகிற தந்திரத்தை அல்லாஹ் அறிவான்.

கடனில் வாங்கியவர் நடுவில் மௌத்தாகிவிட்டால்? மேலே சொன்ன கணக்கில் ஒன்றரை வருடத்தில் பாக்கி ஏறத்தாழ 37 லட்சம். வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்கிறது குர்ஆன் (4:11). ஆக, மனைவி மக்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது நிதி நிறுவனம். மூன்று தீனார் கடன் வைத்து இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் ஜனாஸா தொழாமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள் (புகாரி). மூன்று தீனார்! அந்த மனிதர் பகட்டுக்காகக் கடன் வாங்கியதாகக்கூட ஹதீஸில் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு

இதை வாசிக்கும்போதே மாதத் தவணை ஓடிக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். நிராசையாக வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. தவ்பாவோடு ஒரு வேலையும் இருக்கிறது: கடனைச் சீக்கிரம் அடைப்பது. கார் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிக் கடன், முன்கூட்டி அடைத்தால் ஒரு கட்டணம் கேட்பார்கள். அதைக் கட்டுவதா, மீதி வட்டியைக் கட்டுவதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கட்டணமே குறைவாக வரும். ஆரம்ப வருடங்களில் அடைத்தால் லாபம் அதிகம், தவணையில் வட்டிப் பகுதி அப்போதுதான் பெரிது. வேறு சேமிப்பு இருந்தால் அதைக் கொண்டு அடையுங்கள். இல்லையென்றால் காரை விற்று அடைத்துவிட்டுச் சின்ன வண்டிக்கு இறங்குங்கள். நாலு பேர் பேசுவார்கள், ஒரு வாரம் பேசுவார்கள்.

ஷோரூமில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கார் விற்பது ஹலாலான தொழில். ரொக்கத்தோடு வந்தவரை, கமிஷனுக்காகக் கடன் பக்கம் திருப்பி விடுவது வேறு. அந்த மேசையிலிருந்து விற்பனைப் பிரிவுக்கோ சர்வீஸுக்கோ மாறக் கேட்டுப் பாருங்கள்.

கடன் அடைத்து முடித்தவர்கள் வங்கியிலிருந்து என்ஓசியையும் கையெழுத்திட்ட 35ஆம் படிவத்தையும் தாமதிக்காமல் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு வண்டியை விற்க முடியாமல் வாரிசுகள்தான் அலைகிறார்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.